கைப்பேசிப் போர்விளையாட்டில் காத்திருத்தல் என்னும் தத்துவம்: உசிலம்பட்டியை ஆதாரமாகக் கொண்ட ஒரு விசாரணை

மாயவாளும் மந்திரவில்லும் ஏந்தி அரக்கரோடு பொருதும் கைப்பேசி விளையாட்டுகளின் பிரதான ரசம் வீரமே என்பது, இதுகாறும் எவரும் ஐயுறாது ஏற்றுவந்த பூர்வபட்சமாகும். ஆனால் உசிலம்பட்டிப் பேருந்து நிலையத்தை ஒட்டிய தேநீர்க்கடைகளில், மாலைவேளையில் குனிந்த தலை நிமிராது அமர்ந்திருக்கும் வாலிபர்களைப் பட்சபாதமின்றி நோக்குவார்க்கு, அவ்வபிப்பிராயம் அடியோடு பிசகென்பதும், இவ்விளையாட்டுகளின் ஜீவநாடி காத்திருத்தலே என்பதும் பிரத்தியட்சமாகும்.

ஷாங்காய் நகரத்து மிஹோயோ கம்பெனியார் 2020 செப்டம்பர் 28 அன்று வெளியிட்ட ‘கென்ஷின் இம்பாக்ட்’டையே எடுத்துக்கொள்வோம். காற்று, பாறை, மின்னல், புல், நீர், நெருப்பு, பனி என்னும் எழுவகைச் சக்திகளையும், அவற்றுக்கு அதிதேவதைகளையும் உடையது அதன் உலகம். (மின்சாரத்துக்குத் தெய்வ அந்தஸ்து அளித்ததை, கோடைகால மின்வெட்டை அனுபவித்தோர் ஆட்சேபிக்கமாட்டார்கள்.) அங்கே பெரிய அரக்கனை வீழ்த்துவது சில நிமிடத்துக் காரியம், வீழ்த்தியபின் பரிசை எடுக்கத்தான் ‘ரெசின்’ வேண்டும். அதுவோ 8 நிமிடத்துக்கு ஒன்றாகவே சுரப்பது. ஆதியில் 120 ஆயிருந்து, பின் 160 ஆகி, 2024இல் 200 ஆக உயர்ந்த அதன் கொள்ளளவு, முற்றும் வறண்ட நிலையினின்று நிரம்ப 26 மணி 40 நிமிடம் பிடிக்கும்.

“ஏன்டா, எந்நேரமும் அதையே உத்துப் பாத்துக்கிட்டு இருக்க?” என்று கேட்கும் மூதாட்டிக்கு, “ரெசின் ஊறணும் அப்பத்தா” என்று பேரன் விடைகூறினால், கிணற்றுப் பாசனம் அறிந்த அவள் மறுகேள்வி கேளாள்.

வீரனைப் பெறும் முறையோ இன்னும் நுட்பமானது. குலுக்கல் முறையில் ஐந்து நட்சத்திர வீரன் ஓர் இழுப்பில் அகப்படும் வாய்ப்பு 0.6 சதவீதம், எனினும் 90ஆவது இழுப்பில் ஒருவன் வந்தே தீருவான். ஓர் இழுப்புக்கு 160 ‘ப்ரைமோ’ ரத்தினம். தினசரிப் பணிகளால் கிடைப்பதோ 60. வேறு வரும்படி இல்லையெனக் கொண்டால், காசு கொடாத பக்தன் 240 நாள் நோன்பிருத்தல் வேண்டும். அத்தனைக்குப் பின்னும் வருபவன் விரும்பிய வீரனாகவே இருப்பான் என்பதற்குப் பிரமாணம் இல்லை.

இக்கணக்கைப் பொறாமல் பிறவூரார் பணத்தைக் கொட்டக்கூடும். உசிலம்பட்டியாருக்கோ இது பரம்பரை வித்தை. வைகை அணையின் உச்சமட்டம் 71 அடி. 67 அடியைத் தொட்டாலன்றி இவ்வட்டாரத்தின் 58 கிராமக் கால்வாய்க்குத் தண்ணீர் இல்லை. எனவே நாளிதழில் அணையின் நீர்மட்டத்தைத் தசம ஸ்தானம் வரை பார்த்துப் பழகிய கண்களுக்கு, திரையின் மேல்மூலையில் நிற்கும் 143/200 என்னும் எண் அந்நியமாகத் தோன்ற நியாயமில்லை. மேலும், அகலப்பாதை போடுவதற்காக 2010இன் முடிவில் நிறுத்தப்பட்ட மதுரை–போடி ரயில், இவ்வூர் வழியாகத் தேனிவரை மீண்டும் பயணிகளை ஏற்றிச் சென்றது 2022 மே மாதத்தில். 8 நிமிடத்துக்கு ஒன்று என்னும் சூத்திரப்படி, அந்த இடைக்காலம் ஏறக்குறைய ஏழரை லட்சம் ரெசினுக்குச் சமம்.

ஆதலின், 240 நாள் என்பது கொடுமையென முறையிடுவோர் சொற்கேட்டு அதைக் கம்பெனியார் குறைத்துவிடலாகாதென்று இவ்வட்டாரத்தின் சார்பில் விண்ணப்பித்துக்கொள்கிறோம், பழக்கம் கெட்டுப்போகும்.