சி மொழியில் வழுவும் வழுவமைதியும்

சி நிரல் இருவகைப்படும்: தரத்துக்கு உட்பட்டது, ஓடுவது. இரண்டும் ஒன்றாய் அமைதல் சிறுபான்மை.

தரநூல் சொல்லாத ஒன்றைக் கம்பைலர் தானாகச் சேர்த்துக்கொண்டால் அது எக்ஸ்டென்ஷன்; இலக்கணப்படி வழு. பலரும் வழங்கிவிட்டால் வழுவமைதி. '-பெடான்டிக்' என்று ஏவினால் ஜிசிசி கம்பைலர் இவ்வழுக்களைச் சுட்டிக்காட்டும். வழுவுக்கு முன் '__எக்ஸ்டென்ஷன்__' என்று எழுதிவிட்டால் வாய் திறவாது. வழு இருந்தபடியே இருக்கும். பரிகாரத்தின் இலக்கணமும் இதுவே.

காட்டு: ஐ-யின் மதிப்பு 12 என்க. இரண்டில் பெரியதைத் தரும் 'மேக்ஸ்' மேக்ரோவைத் தரம் வழுவாமல் எழுதி, அதற்கு 'ஐ++', 10 இரண்டையும் கொடுத்தால், ஒப்பிடும்போது ஒருமுறையும் விடை தரும்போது மறுமுறையும் ஐ கூடும். 12 வரவேண்டிய இடத்தில் 13 வரும். ஐ 14இல் போய் நிற்கும். ஜிசிசி வழக்கில் பிறையடைப்புக்குள் நெளிவடைப்பு இட்டு, 'டைப்ஆஃப்' கொண்டு உள்மாறி அமைத்தால் விடை 12. முன்னது இலக்கணச் சுத்தம். பின்னது கணக்குச் சுத்தம்.

லினக்ஸ் கெர்னல் பின்னதன் பக்கம். அதைக் கம்பைல் செய்ய விரும்பிய கிளாங் என்னும் மற்றொரு கம்பைலர், ஜிசிசியின் வழுக்களை முறைப்படி கற்க வேண்டியதாயிற்று. ஆனால் 1999ஆம் ஆண்டுத் தரமே ஏற்ற மாறுநீள அரேக்களைக் கெர்னல் 2018இல் களைந்தெறிந்தது. விதி வெளியேற, வழு குடியிருக்கிறது. டைப்ஆஃப்போ வழுவாய்ப் பிறந்து, வழுவமைதியாய் வளர்ந்து, சி23 தரத்தில் வழாநிலை எய்திவிட்டது.

"எங்கள் நிரல் எந்தக் கம்பைலரிலும் ஓடும்" என்பாரும் உளர். திறந்து பார்த்தால், கம்பைலருக்கு ஒன்றாக '#இஃப்டெஃப்' வரிசை கட்டி நிற்கும். எல்லா ஊருக்கும் பொதுவான சாப்பாடு என்று சொல்லி, ஊருக்கொரு அடுப்பு மூட்டியது போல.

இனிப் புறனடை. '#பிராக்மா' கண்டவிடத்துக் கம்பைலர் தன் விருப்பப்படி நடக்கலாம் என்பது தரக்குழுவின் விதி. 1988இல் வந்த ஜிசிசி 1.17 அதைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றியது: அறியாத பிராக்மாவைக் கண்டதும் கம்பைல் செய்வதை விட்டு, நெட்ஹேக் போன்ற விளையாட்டைத் தொடங்கப் பார்த்தது. விதியை மீறினார் எவருமில்லை.

இங்குச் சொல்லாது விட்டவற்றை அவரவர் கம்பைலர் கொண்டபடி கொள்க.