இரவுக் கழுகாரும் கொக்குவில் கதியாலும்

அமெரிக்க மேற்கெல்லைக் கதைகளைச் சரியாக விளங்கிக்கொண்ட வாசகன் யார் என்று போட்டி வைத்தால் டெக்சாஸ்காரனுக்கு இரண்டாமிடந்தான் கிடைக்கும். முதலிடம் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலானுக்கு. குதிரை ஏறத் தெரிந்ததால் அல்ல. வேட்டைத் திருவிழாவன்று குதிரை வாகனத்தில் வரும் முருகனைத் தவிர எங்களூரில் குதிரை ஏறினவர் ஆரும் இல்லை. எங்கள் தகுதி வேறு: வேலிச் சண்டை.

1874இல் இல்லினோயிசைச் சேர்ந்த ஜோசப் கிளிடன் என்ற கமக்காரர் முள்ளுக்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். வந்தது வினை. மாட்டுக்காரன் “வெளியெல்லாம் என் மாட்டுக்கு” என்றான். தோட்டக்காரன் கம்பியை இழுத்துக் கட்டினான். இருட்டினதும் ஒருவன் குறட்டோடு வந்து வெட்டினான். 1883இல் டெக்சாஸில் இது பெரும் கலகமாகி, அடுத்த வருடமே வேலி வெட்டுவது கடுங்குற்றம் என்று சட்டம் போட்டார்கள். அங்கத்தைய நாவல்களில் பாதிக்கு மேல் இந்தச் சங்கதியில்தான் ஓடுகிறது.

கொக்குவிலான் இதை வாசித்துவிட்டு ஏளனமாகச் சிரிப்பான். வேலியை வெட்டுகிறவன் மொக்கன். வருடாவருடம் வேலி அடைக்கிற சாட்டில் கதியாலை நாலு விரற்கடை அங்காலே தள்ளி நட்டால், சில வருடத்தில் பக்கத்து வளவுப் பூவரசு எங்கள் மாட்டுக்குக் குழை தரும். ஒரு தோட்டாவும் செலவில்லை. பிடிபட்டாலும் நடுத்தெருவில் எதிரெதிரே நின்று துப்பாக்கி உருவத் தேவையில்லை. பழைய உறுதியைத் தூக்கிக்கொண்டு பிரக்கிராசியிடம் போனால் போதும். காமிக்ஸ் நாயகன் டெக்ஸ் வில்லரின் சண்டை இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். எங்கள் வழக்கைத் தகப்பன் தொடங்குவார், மகன் நடத்துவார், பேரன் கனடாவிலிருந்து காசு அனுப்புவான். எது பெரிய காவியம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அமெரிக்கா 1862இல் கொண்டுவந்த குடியேற்றச் சட்டத்தைக் கேட்டால் இங்கே பலருக்கு நெஞ்சு வலி வரும். ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தவனுக்கு 160 ஏக்கர். ஏக்கருக்கு 16 பரப்பாகப் பார்த்தால் 2,560 பரப்பு! இரண்டு பரப்புத் துண்டுக்காகக் கூடப்பிறந்தவனின் செத்த வீட்டுக்கும் போகாமல் இருக்கிற சனத்துக்கு இது அம்புலிமாமாக் கதை. ஆனால் அந்தக் கொடைக்குள் இருந்த உள்ளடி வேலையும் எங்களுக்கு உடனே பிடிபடும்: வேறொருவன் காணியை, அவனைக் கேளாமல், அரசாங்கம் பங்கு போட்டது. எங்கள் தேசவழமைச் சட்டம் ஒல்லாந்தர் 1707இல் எழுதி வைத்தது. பங்காளிக்கும் அயலுக்கும் சொல்லாமல் காணி விற்கக் கூடாது என்று அது மறித்தது. நவஹோப் பழங்குடிகளுக்கு அப்படியொரு சட்டமும் காணித் தோம்பும் பிரக்கிராசியும் வாய்த்திருந்தால் அமெரிக்கா இன்னும் வழக்கில்தான் இருந்திருக்கும்.

அமெரிக்கர்கள் எங்களுக்குப் புதியவர்களும் அல்லர். அவர்களில் ஒரு பகுதி வழிதவறிக் கிழக்கே வந்துவிட்டது. 1816இல் அமெரிக்க மிசன் யாழ்ப்பாணத்தில் கால் வைத்தபோது கௌபோய் என்ற பிறவியே உருவாகியிருக்கவில்லை. 1849இல் அவர்கள் ஊரே கலிபோர்னியாவுக்குத் தங்கம் கிண்ட ஓடியது. அந்த நேரம் டொக்டர் சாமுவேல் கிறீன், கொக்குவிலுக்கு மேற்கே மானிப்பாயில் இருந்துகொண்டு, தமிழில் வைத்தியம் படிப்பிப்பது எப்படி என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார். தங்கம் கிண்டினவர்களைப் பற்றி நூற்றுக்கணக்கில் நாவல் வந்தது. கிறீனை வைத்து எவரும் துப்பாக்கிக் கதை எழுதவில்லை. நியாயந்தான், வைத்தியப் புத்தகம் மொழிபெயர்க்கிறவனைச் சுட ஆர் வருவான்?

அடுத்த உறவு புகையிலை. மேற்கெல்லைக் கதாநாயகனின் வாயில் எப்போதும் ஒன்று புகைந்துகொண்டிருக்கும். கொக்குவிலோ சுருட்டுக்குப் பேர் போன ஊர். சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையோ தொடர்கதையோ உரத்து வாசிக்க, மற்றவர்கள் கை பாட்டுக்குச் சுற்றக் காது பாட்டுக்குக் கேட்கும். கியூபாவிலும் இதே வழக்கந்தான். டூமாவின் நாவலைக் கேட்டு மயங்கி, அங்கே சுருட்டுக்கே மொண்டே கிறிஸ்டோ என்று பெயர் வைத்தார்கள். எங்களவர்கள் ஒரு ‘வந்தியத்தேவன் சுருட்டு’ விட்டிருந்தால் இந்நேரம் உலகச் சந்தையில் இருந்திருப்போம். இந்தப் பின்னணியில் பார்த்தால் காமிக்ஸ் கௌபோய் லக்கி லூக் செய்தது பச்சைத் துரோகம். 1983இல் அவர் சிகரெட்டை எறிந்துவிட்டு ஒரு வைக்கோல் துரும்பை வாயில் வைத்தார். அதற்காக அவரைப் படைத்த மோரிசுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 1988இல் விருதும் கொடுத்தது. புகையிலைத் தோட்டக்காரன் பார்வையில், இது பகைவனிடம் வாங்கிய கைக்கூலி.

இனி, இந்தக் கதைச் சாமான் எங்கள் கைக்கு வந்த வழி. டெக்ஸ் வில்லர் 1948இல் பொனெல்லி, கலெப்பினி என்ற இரண்டு இத்தாலியர்களின் மேசையில் பிறந்தவர். சிவகாசியில் 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் தொடங்கின. 1985இல் ‘தலை வாங்கிக் குரங்கு’ வழியாக டெக்ஸ் தமிழ் பேசினார். பட்டாசும் தீப்பெட்டியும் செய்கிற ஊரிலிருந்து துப்பாக்கிக் கதை வருவது பொருத்தந்தான். டெக்ஸுக்கு நவஹோக்கள் வைத்த பெயர் தமிழில் இரவுக் கழுகார் ஆயிற்று. நண்பர் கார்சன் வெள்ளிமுடியார் ஆனார். ‘ஆர்’ விகுதி போட்டு மரியாதையாகச் சுட்டுக்கொள்ளும் வேறு மேற்கெல்லை உலகம் எனக்குத் தெரியவில்லை. இருவரும் ஊருக்குள் வந்ததும் பெருத்த இறைச்சித் துண்டும் மலைபோல் பொரித்த உருளைக்கிழங்கும் கேட்பார்கள். கந்தசஷ்டி விரதத்தில் இருந்து அந்தப் பக்கத்தை வாசித்தவன் எந்தப் பாலைவனத்தையும் கடப்பான்.

அதற்கு முன்பே, 1970களில் எங்கள் அரசாங்கம் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியை இறுக்கியபோது, உள்ளே இருந்த பிரதி ஒவ்வொன்றும் வேலிப் பொட்டுக்குள்ளால் ஊர் சுற்றியது. மட்டை இருக்காது, கடைசித் தாள் இருக்காது. கொலைகாரன் ஆரென்று இரவல் தந்தவனிடந்தான் கேட்க வேண்டும், அவன் பொய் சொல்வான். 1990 யூனில் யுத்தம் திரும்ப மூள, யாழ்தேவி ரயிலும் நின்றது, மின்சாரமும் போனது. ஜாம் போத்தல் விளக்கில் பழைய புத்தகங்களே திரும்பவும் ஓடின. பொம்மர் வந்தால் பங்கருக்குள்ளும் டெக்ஸ் கூட வருவார். அரிசோனாச் சண்டையில் ஆர் வெல்வார் என்று முன்கூட்டியே தெரியும். அது பெரிய ஆறுதல்.

ஒரேயொரு இடத்தில் கொக்குவிலானுக்கு நம்பிக்கை வராது: பெயரற்ற அந்நியன். 1964இல் செர்ஜியோ லியோனி தன் படத்தில் ஸ்பெயினின் வறண்ட மண்ணை அமெரிக்க எல்லைப்புறமாகக் காட்டினதையும் பொறுத்துக்கொள்வோம். பெயரும் ஊரும் சொல்லாமல் கிளின்ட் ஈஸ்ட்வுட் ஊருக்குள் நுழைவதை ஏற்க முடியாது. எங்கள் சந்தியில் அவர் கோவேறு கழுதையைக் கட்ட முதலே, “தம்பி எவடம்? ஆற்றை பொடியன்? தாய் எந்தப் பக்கம்?” என்று மூன்று கேள்வி விழும். மூன்றாவது பதிலில் சாதி, சீதனம், தகப்பன் ஆரோடு வழக்கில் இருக்கிறார் எல்லாம் வெளியே வரும். தவறணைக்குள் விடலாமா என்பதும் அப்போதே தீர்ந்துவிடும். இந்த விசாரணையைத் தாங்க முடியாத பல வீரர்கள் குதிரையைத் திருப்பியிருப்பார்கள்.

எனக்கு இதில் ஆகப்பெரிய பகிடி, எங்களுக்கென்று ஒரு மேற்கெல்லை இருந்தும் அதைப் பார்க்காமல் விட்டதுதான். அது தெற்கே, ஆனையிறவுக்கு அங்காலே இருந்தது. காடு, யானை, மலேரியா, குளக்கட்டு, குடியேற்றத் திட்டம், காணி பிடிக்கிற பெரிய மனிதர் எல்லாம் வன்னியில் தயார். யாழ்ப்பாணத்தான் ரியோ கிராண்டேயைப் பத்துத் தரம் கடந்தான். பரந்தனுக்கு மாற்றம் வந்தால் நேர்த்தி வைத்து அதை நிறுத்தினான்.

கதை எழுத ஆள் இல்லாமலும் இல்லை. இந்தியச் சாமானை மறித்த அதே காலத்தில்தான் வீரகேசரி உள்ளூர் நாவல்களை வரிசையாக அச்சடித்தது. முல்லைத்தீவுப் பக்கத்து அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973இல் வந்தது. தகப்பனோடு முறித்துக்கொண்டு வெளியேறும் கதிராமன், தண்ணிமுறிப்பில் தன் கையால் காடு வெட்டித் திருத்துகிறான். பதஞ்சலி கூட நிற்கிறாள். துப்பாக்கி உருவும் வேகத்தை விட அவன் காட்டுக்கத்தி வீசும் வேகம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. செங்கை ஆழியானின் ‘காட்டாறு’ இன்னொரு பங்கு: ஏழைக் குடியேற்றக்காரனை ஏய்க்கும் முதலாளிகள், உத்தியோகத்தர்கள். வயோமிங்கில் 1892இல் பெரிய மாட்டுப் பண்ணைக்காரர்கள் சின்னவர்களைக் கூலிப்படை வைத்து அடித்தார்களே, அதற்கு நூறு படம் எடுத்துவிட்டார்கள். எங்கள் பெரிய மனிதர்களுக்குக் கூலிப்படை வேண்டியிருக்கவில்லை. கச்சேரியில் ஒரு கிளாக்கர் போதும்.

‘நிலக்கிளி’ நூலகம் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடக்கிறது. அடுத்த டெக்ஸ் வரும்வரை சும்மா இருக்கிறவர்கள் அதை எடுத்து வாசியுங்கள். கடைசித் தாளும் இருக்கிறது.