வெறுங்கையோட வர்ற ஒறம்பரை

ஏனுங்க மாப்ள, ஆடி பொறந்தாப் போதும், பனியன் கம்பெனி வாசல்ல நின்னு மேக்க பாத்து உச்சுக் கொட்டறீங்க. கருகருன்னு மேகம் வருது, தலைக்கு மேலயே போகுது, ஒரு சொட்டு விழுகல. உடனே போனை எடுத்து மழை வருமான்னு அதுகிட்டக் கேக்கறீங்க. அது நாப்பது சதவீதம்ங்குது. வாய் வார்த்தையா ஆர்டர் சொன்ன பையரை நம்பி நூலை வாங்கி அடுக்குன மொதலாளிக்கு நாப்பது சதவீதமெல்லாம் ரொம்ப அதிகமுங்க.

நம்ம திருப்பூருக்குன்னு சொந்தமா வானிலையே கெடையாது. கடல் மேலயோ பெரிய நெலப்பரப்பு மேலயோ நாள்கணக்குல குந்தியிருக்கற காத்து, அந்த எடத்து சூட்டையும் ஈரத்தையும் ஏத்துக்கிட்டுக் கெளம்பும். காற்றுத் திரள்னு அதுக்குப் பேரு. டோர் பெர்யெரோன்னு ஒரு சுவீடன்காரரு 1928லயே இதுகளைப் பொறந்த எடத்தை வெச்சு வகை பிரிச்சாரு: கடலா நெலமா, வெப்ப மண்டலமா துருவமா. ஒறம்பரை வந்தா எந்த ஊருங்கன்னு நாம கேக்கற கேள்விதானுங்க.

மேக்கத்திக் காத்தை எடுத்துக்கங்க. அரபிக்கடல்ல ஈரத்தை ரொப்பிக்கிட்டு வருது. குறுக்க மலை நிக்குது. தொட்டபெட்டா 2637 மீட்டர், ஆனைமுடி 2695 மீட்டர். மேல ஏறுனா குளிருது, குளிர்ந்தா கொட்டுது. பாலக்காட்டுப் பக்கம் வருசத்துக்கு 2000 மில்லிமீட்டர். மலையை விட்டு இந்தப்பக்கம் எறங்கறப்ப காத்து சூடேறி வறண்டு போகுது. நமக்கு வருசம் பூராச் சேத்தாலும் 600, 700. கொண்டாந்த பலகாரத்தையெல்லாம் சம்பந்தி ஊட்டுலயே அவுத்து வெச்சுட்டு, வெறுங்கையை வீசிக்கிட்டு நம்ம திண்ணைக்கு வந்து சோறு ஆச்சுங்களான்னு கேக்குது இந்த ஒறம்பரை.

அதுக்காக ஏசிப்புடாதீங்க. ரெண்டு மலைக்கும் நடுவால பாலக்காட்டுக் கணவாய், 30, 40 கிலோமீட்டர் அகலந்தான். அதுல நெருக்கிக்கிட்டுப் பாயற காத்துதான் பல்லடம், கேத்தனூர், குடிமங்கலம், உடுமலைப் பக்கமெல்லாம் காத்தாடியைச் சுத்துது. எங்க மச்சான், அதான் உங்கய்யன், வரி மிச்சமாகும்னு வாங்கிப் போட்ட காத்தாடியும் அதுல ஒண்ணு. வைகாசியில இருந்து புரட்டாசி வரைக்கும் மழை வேணும்னு மாரியாத்தாகிட்டக் கேக்கறீங்க, காத்து நிக்கப்புடாதுன்னு ஆடிட்டருகிட்டக் கேக்கறீங்க. ரெண்டு மனுவும் ஒரே காத்துக்குப் போகுது. அது யாருக்குன்னு கையெழுத்துப் போடும்?

மலையில எறக்குன பலகாரமும் பின்னாலயே வந்து சேருது. பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால்ல பல்லடம், காங்கேயம் தோட்டங்களுக்கு. பவானித் தண்ணியாக் கொழாயில உங்க ஊட்டுத் தொட்டிக்கு. திருப்பூர்ல மழையே இல்லீங்கன்னு சொல்லிக்கிட்டே மேக்கு மலை மழையிலதான் தெனம் குளிக்கறீங்க.

காசு சமாச்சாரத்துக்கு வாரேன், அப்பத்தான் போனைக் கீழ வெப்பீங்க. பருத்தி, காத்துல இருக்கற ஈரத்தைக் குடிக்கற சாதி. முழுசாக் காஞ்ச பருத்தி 100 கிலோவுக்கு 8.5 கிலோ ஈரம் இருக்கலாம்ங்கறது வியாபாரத்துல ஒத்துக்கிட்ட கணக்கு. வறட்டுக் காத்தடிச்சா அது எறங்கும், அடைமழையில ஏறும். மில்லுல நூல் அறாம ஓட ஈரம் போடுவாங்க, கோனை ஆவியில வெப்பாங்க; தப்பில்லீங்க. ஆனா 8.5ஐத் தாண்டுச்சுன்னா நீங்க தண்ணிக்கு நூல் வெலை குடுக்கறீங்க. பால்காரரு தண்ணி கலந்தா மட்டும் வாசல்ல நிக்க வெச்சுச் சண்டை புடிக்கத் தெரியுதுல்ல?

போன வாரம் என்ன பண்ணுனீங்க? காம்பாக்டிங்ல இருந்து சூடா வந்த துணியில வட்டம் வெட்டி, அப்பவே தராசுல வெச்சு, ஜிஎஸ்எம், அதான் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்ங்கற எடை, கொறையுதுன்னு நிட்டிங்காரரு மேல பாஞ்சீங்க. பையரோட லேப்ல 20 டிகிரி சூடு, 65 சதவீதம் ஈரப்பதம் இருக்கற ரூம்புல துணியை ஆறப்போட்டுத்தான் எடை பாப்பாங்க. காம்பாக்டிங் சூடு குடிச்ச தண்ணிக்கு, பாவம், அந்த மனுசன் திட்டு வாங்கறாரு.

ஐப்பசியில ஒறம்பரை மாறிப்போகும். வடக்க நெலத்துல பொறந்த வறண்ட காத்து, வங்காள விரிகுடாவைத் தாண்டறப்ப ஈரம் குடிச்சுட்டுக் கெழக்க இருந்து வரும். சென்னை, கடலூர்னு கரையோரத்துலயே பெரும்பங்கை எறக்கிட்டுத்தான் இங்க எட்டிப் பாக்கும். எட்டிப் பாக்கறதும் சில வருசம் முரட்டுத்தனமா இருக்கும். 2011 நவம்பர்ல வெள்ளம் வந்து ஊரே முழிச்சுக்கிட்டு நின்னுதே! ஓடைக்கரையில குடோன் கட்டுன நீங்க, பொட்டியையாவது பலகை மேல ஏத்தி வைங்க.

அப்பறம் ஐரோப்பாக் குளிருக்குன்னு நீங்க எடுத்திருக்கற அந்த ஹூடி ஆர்டரு. உங்க மில்லு, சாயப்பட்டறை, கப்பலு எல்லாம் சரியா நடந்தாலும், ஆர்க்டிக்குக் குளிர்க்காத்து ஐரோப்பாவுக்குள்ள எறங்கலீன்னா சரக்கு அங்க கடையில தொங்கும். அடுத்த வருச ஆர்டரு எளைச்சுரும். அதான் நம்மூரு பெரியவங்க கோடைக்குப் போடற டி-சர்ட்டையே விடாமப் புடிச்சுக்கிட்டு இருந்தாங்க. நீங்க படிச்சவங்க, துருவத்துக் காத்தை நம்பி எறங்கீட்டீங்க.

சாயங்காலம் நூல்காரரு வர்றாராமே? என்னையும் பக்கத்துல ஒரு சேரைப் போட்டு உக்கார வைங்க. வாயே தொறக்க மாட்டேன். ஈரம் பாக்கற மீட்டரை மடியில வெச்சுக்கிட்டுச் சும்மா சிரிச்சுக்கிட்டு இருக்கறேன்.