வண்டி சூட்டில் நின்ற காதை: அளவைகளும் அவற்றின் கிக்கர்ப் பயனும்

பாயிரம்

மணிமேகலையில் காதைகள் 30. உ.வே.சாமிநாதையர் 1898இல் அதைப் பதிப்பித்தபோது 31ஆம் காதை கிடைக்கவில்லை. அப்படியொன்று எழுதப்படவே இல்லை என்பதே காரணம். அக்குறை நீக்க எழுந்தது இவ்வாய்வு.

ஆய்வுப் பொருள்: நன்றாக ஓடி வந்த வண்டியை நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டு உதைத்தால் ஸ்டார்ட் ஆகாமையும், ஆறிய பின் ஒன்றும் நடவாததுபோல் ஸ்டார்ட் ஆதலும். களம்: அரியலூர் மாவட்டம், ஆண்டிமடத்தை அடுத்த வரதராஜன்பேட்டை. முந்திரிக்காட்டு வெக்கையும் சித்திரை வெயிலும் சேரும் இவ்விடத்தைவிட நல்ல ஆய்வுக்கூடம் அமையாது. ஆய்வுக்குரியது கார்பரேட்டர் வைத்த பழைய 100 சிசி பைக். இன்ஜெக்‌ஷன் வண்டிகள் புறச்சமயம், விலக்கப்பட்டன.

நோயின் இயல்பு

ஓடும்வரை எதிர்க்காற்று எஞ்சினை ஆற்றுகிறது. நிறுத்தியதும் காற்று நின்றுவிடும், சூடு நிற்காது. சிலிண்டர் ஹெட்டில் இருந்த வெப்பம் கார்பரேட்டருக்கும் காயிலுக்கும் ஏறுகிறது. ஆகவே வண்டியின் சில பாகங்களுக்கு உச்சகட்டச் சூடு, ஓட்டுநர் டீக்கடை பெஞ்சில் இளைப்பாறும்போதுதான் வருகிறது.

ஐதிகம்

27ஆம் காதையில், வஞ்சி நகரில், சமயக் கணக்கர்களுள் ஒருவனான அளவை வாதி மணிமேகலைக்குப் பத்து அளவைகளை, அதாவது உண்மையை அறியும் வழிகளை, எடுத்துரைக்கிறான். அவற்றுள் ஐதிகம் என்பது, இந்த மரத்தில் பேய் உண்டு என ஊரார் சொல்வதைக் கொண்டு தெளிதல். நின்றுபோன வண்டியைச் சுற்றி முதலில் கூடுவது இவ்வளவையே.

“பெட்ரோல்ல கலப்படம்ணே.”

“சோக்க இழுத்துட்டு ஒதைங்க.”

“ஒருக்களிச்சுப் போட்டு எடுங்கண்ணே, வந்துரும்.”

இவற்றுள் சோக்குக் கொள்கை மிகக் கேடானது. சூட்டில் பெட்ரோல் பொங்கி ஏற்கெனவே ஓவர்ஃப்ளோ ஆன எஞ்சினுக்குச் சோக்கை இழுப்பது, விக்கலெடுப்பவன் வாயில் இன்னொரு இட்லியைத் திணிப்பதை ஒக்கும்.

ஆகமம்

ஆகமம் பெரியோர் வாக்கு. அம்பாசிடர் காலத்து டிரைவர்கள் எஞ்சினோடு ஒட்டியிருந்த பெட்ரோல் பம்பில் ஈரத்துணி சுற்றினார்கள். குழாயில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்ளும்; பம்பு குளிர்ந்தால் ஆவி மீண்டும் திரவமாகும். இது மெய்யான மருத்துவம். ஆனால் பம்பே இல்லாத, டேங்கிலிருந்து தானே இறங்கும் பைக்கில் அதே துணியைத் தேடுவோர் ஆகமத்தைப் பொருள் அறியாமல் ஓதுவோர் ஆவர். பக்கத்துக் கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கங்கை நீர் கொண்டுவரச் செய்த ராஜேந்திரன் மரபில் வந்தவர்களோ, கையிலிருக்கும் தண்ணீர் பாட்டிலைக் கண்ட இடத்தில் கவிழ்க்கிறார்கள்.

காண்டல், கருதல், அபாவம், மீட்சி

கருதல்: காட்டில் ஒலி கேட்டு யானை உண்டென அறிதல். டேங்க் மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால், மூடியின் துளை அடைத்திருக்கிறதென அறிக. காற்றுப் புகாத டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்காது. கிக்கர் எதிர்ப்பே இல்லாமல் லூசாக இறங்கினால் வால்வு கேப் போதாது. சூட்டில் வால்வு நீண்டு, முழுதும் மூடாமல், கம்ப்ரஷன் கசிகிறது.

காண்டல்: மூடியை மூடிவிட்டு பிளக்கைக் கழற்றுக. ஈரமாயிருந்தால் ஓவர்ஃப்ளோ, துடைத்துப் போட்டு, ஆக்சிலேட்டரை முழுதும் திருகி உதைத்தல் தீர்வு. காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. பின்பு பிளக்கைக் கேப்பில் செருகி, அதன் உலோக உடலை எஞ்சின் ஹெட்டில் வைத்துக் கிக் செய்க. நீலப் பொறி தெரிந்தால் கரண்ட் உண்டு.

மீட்சி: இராமன் வென்றான் எனவே இராவணன் தோற்றான் எனல். கரண்ட் வென்றிருந்தால் குற்றவாளி பெட்ரோலோ கம்ப்ரஷனோ.

அபாவம்: பொறி இல்லை என்பதைக் காணல். இங்கே உள்ளநெறி என்னும் அளவை துணை வருகிறது. இரும்புக் கோல் திரும்பினால் காந்தம் உண்டென்பது காப்பியத்தின் காட்டு. நம் வண்டியிலோ மேக்னட் ஒழுங்காகச் சுற்றுகிறது. பொறிக்குக் குறிப்புக் கொடுக்க வேண்டிய, பக்கத்திலிருக்கும் பல்சர் காயில்தான் வாய் திறப்பதில்லை. உள்ளே மயிரிழைச் செம்புக் கம்பி. சூடேறினால் செம்பின் மின்தடை 25 டிகிரிக்குச் சுமார் 10 சதவீதம் ஏறுவது இயல்பே. காயிலில் வைத்த மல்டிமீட்டர் அளவு காட்டாமல் முடிவிலிக்குத் தாவினால் கம்பி உள்ளே விட்டுப்போயிருக்கிறது. ஆறினால் முனைகள் தொட்டுக்கொள்ளும். மீட்டரும் நல்ல பிள்ளையாகிவிடும்.

முடிபு

அளவைகள் எல்லாம் சூட்டில் மட்டுமே செல்லும். பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போவதற்குள் வண்டி ஆறி, முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆகி, உரிமையாளரைப் பொய்யராக்கும். மெக்கானிக்கும் பிளக்கை மாற்றி, “இனி வராது” என்பார். வரும். ஆகையால் பட்டறை வாசலில் எஞ்சினை நன்கு சூடாக்கி நிறுத்தி, ஸ்டார்ட் ஆக மறுத்த கணத்தில் பிளக்கைக் கழற்றுவதே தேர்ந்த முறை. ஆறியதும் எடுத்துக்கொண்டு மகிழ்ந்து போகிறவர் நோயை வீட்டுக்கு அழைத்துப் போகிறார்.

இம்முடிபை மறுக்கும் சமயக் கணக்கர்கள் சித்திரை மாதம், பகல் இரண்டு மணிக்கு, பிளக் ஸ்பேனரோடு வரதராஜன்பேட்டைக்கு வாதுக்கு வரலாம். பேருந்தில் வருதல் நலம்.