கேளுங்கள், கழற்றிப் பார்ப்போம்!

கும்பகோணம் வாசகர்: பதின்மூன்று வயது டெஸ்க்டாப். பட்டனைத் தட்டிவிட்டுக் குளித்து, சாமி கும்பிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. முதலில் மாற்ற வேண்டியது ரேமா, ஹார்டு டிஸ்க்கா?

ஹார்டு டிஸ்க். அதைத் தள்ளிவிட்டு எஸ்எஸ்டி மாட்டுங்கள்.

உங்கள் டிஸ்க் நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது. கேட்க ஜோர்தான். ஆனால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட். கேட்ட தகவல் துணுக்கு, அதைப் படிக்கிற முள்ளுக்கு அடியில் வந்து சேர, சராசரியாக அதில் பாதி. முள் தடம் மாறுகிற நேரம் தனி. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கிற துணுக்குகளைச் செகண்டுக்கு நூறு பொறுக்கினாலே பெரிய சாதனை. விண்டோஸ் எழுந்திருக்கும்போதே ஆயிரக்கணக்கில் கேட்கும்.

எஸ்எஸ்டியில் முள்ளும் இல்லை, சுற்றும் இல்லை. 0.1 மில்லிசெகண்டில் பதில் வந்துவிடும். அப்புறம் குளியலைத்தான் சுருக்க வேண்டியிருக்கும்.

அருப்புக்கோட்டை வாசகி: எனக்கு எது குறைச்சல் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். வழக்கமான வேலையின்போது மெமரி பாதியில் நிற்க, டிஸ்க் மட்டும் 100% என்றால் எஸ்எஸ்டி. மெமரி எந்நேரமும் தொண்ணூறைத் தொட்டால் ரேம்.

இரண்டும் நூறென்றால், ரேம் பத்தாமல் விண்டோஸ் டிஸ்க்கையே ரேமாகப் பாவித்து எழுதித் தள்ளுகிறது. அப்போது இரண்டும் வாங்க வேண்டும். ஒன்றுக்குத்தான் காசென்றால் மேலே கும்பகோணத்துக்குச் சொன்னதே.

திருப்பூர் வாசகர்: என் மதர்போர்டு என்ன ஜாதி என்றே தெரியாது. வாங்கிய பில்லும் இல்லை.

‘சிபியு-இசட்’ என்ற இலவச சாஃப்ட்வேர் சொல்லிவிடும். அது வேண்டாமென்றால் பக்கத்து மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, போர்டின் நடுவில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள்.

ஹெச்61 என்றிருந்தால் 2011இலோ அதற்குப் பிறகோ பிறந்தது: டிடிஆர்3, இரண்டே ஸ்லாட், உச்சவரம்பு 16 ஜிபி. ஜி41 என்றால் 8 ஜிபியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஜி31 என்றால் டிடிஆர்2, மொத்தமே 4 ஜிபி. அதற்கு ரேம் வாங்காதீர்கள், மாலை வாங்குங்கள்.

நாகர்கோவில் வாசகர்: டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 ரேமைக் கொஞ்சம் அழுத்திப் பார்க்கலாமா?

அதற்கு 240 கால், இதற்கு 288. வெட்டுப்பள்ளம் வேறிடத்தில். அது 1.5 வோல்ட், இது 1.2. அழுத்தலாம். அப்புறம் மதர்போர்டும் வாங்கலாம்.

மன்னார்குடி மாணவர்: லேப்டாப் ரேம் ஒன்று சும்மா கிடக்கிறது. டெஸ்க்டாப்பில் போடலாமா?

நீளத்தைப் பார்த்தபிறகும் கேட்கிறீர்களே தம்பி, அந்த நம்பிக்கை வாழ்க.

ஈரோடு வாசகர்: ஏற்கெனவே ஒரு 4 ஜிபி இருக்கிறது. பக்கத்தில் ஒரு 8 ஜிபி போடலாமா, இரண்டும் ஒரே அளவில்தான் இருக்க வேண்டுமா?

போடலாம். 12 ஜிபி என்று காட்டும், ஓடும். இரண்டில் எது மெதுவோ அதன் வேகத்தில் ஓடும். இன்டெல் போர்டாக இருந்தால், இரண்டு பக்கமும் 4 ஜிபி வரை ஜோடியாக வேலை செய்யும். மிச்சமிருக்கிற 4 ஜிபி ஒற்றை ஆளாக. டேலியும் குரோமும் ஓட்டுகிறவருக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. கடைக்காரர் ‘ஜோடியாத்தான் சார் வாங்கணும்’ என்று தலையைச் சொறிவது உங்கள் மதர்போர்டின் நலன் கருதி அல்ல.

கோவில்பட்டி வாசகர்: ஆன்லைனில் 8 ஜிபி டிடிஆர்3 பாதி விலைக்குக் கிடைக்கிறதே?

விளம்பரத்தின் அடிவாரத்தில் பொடி எழுத்தில் ‘ஏஎம்டிக்கு மட்டும்’ என்று இருக்கும், பாருங்கள். அதில் ஒவ்வொரு சிப்பும் 4 பிட் அகலம். அந்த அமைப்பு இன்டெல் டெஸ்க்டாப்புக்கு ஒத்துவராது. இன்னொரு ரகம் சர்வரிலிருந்து உருவிய ரேம். அது ஸ்லாட்டில் அழகாக உட்காரும், சிஸ்டம் மட்டும் எழுந்திருக்காது. பாதி விலை கொடுத்தால் பாதிதான் நடக்கும்.

சேலம் வாசகர்: 8 ஜிபி போட்டும் 3.2 ஜிபிதான் காட்டுகிறது. ரேம் போலியா?

ரேம் அசல், விண்டோஸ்தான் பழசு. 32 பிட் விண்டோஸுக்கு எண்ணத் தெரிந்த முகவரிகள் 429 கோடிச் சொச்சம். அதாவது 4 ஜிபி. அதிலும் கிராபிக்ஸுக்கும் மற்ற கார்டுகளுக்கும் பங்கு போய்விடும். 64 பிட் ஏற்றுங்கள். அதுவரை மிச்ச ரேம் வீட்டோடு மாப்பிள்ளை.

விழுப்புரம் வாசகர்: சிஸ்டம் திடீரென்று ‘பீப் பீப்’ என்று கத்தியது. சர்வீஸ்காரர் ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து, மாட்டினார். ஓடிவிட்டது. முந்நூறு ரூபாய். இது வைத்தியமா, மோசடியா?

வைத்தியம்தான். ரேமின் தங்க முலாம் பூசிய கால்களில் அழுக்குப் படர்ந்தால் தொடர்பு விட்டுப்போகும். பயாஸ் ரேமைக் காணாமல் ஒப்பாரி வைக்கும்.

நீங்களே செய்யலாம். பவர் கார்டை உருவுங்கள். பிறகு ஒருமுறை பவர் பட்டனை அழுத்தினால் மிச்சக் கரண்டும் வடிந்துவிடும். கேபினட்டின் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். ஓரத்துக் கிளிப்பை விலக்கினால் ரேம் தானே எழும்பும். வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் மெதுவாக நாலு இழுப்பு. திரும்பச் செருகும்போது ‘டக்’ என்று கிளிப் தானே பூட்ட வேண்டும். பூட்டவில்லை என்றால் ஏறவில்லை என்று அர்த்தம்.

முக்கியம்: ரப்பர் துகளை ஊதிவிட்டுச் செருகுங்கள். இல்லையென்றால் அடுத்த முந்நூறும் அவருக்குத்தான்.

காரைக்குடி வாசகி: பென்டிரைவைச் செருகி ரேமைக் கூட்டலாம் என்று யூடியூபில் ஒருவர் சத்தியம் செய்கிறாரே?

விண்டோஸ் விஸ்டா காலத்து ‘ரெடிபூஸ்ட்’. மெதுவான டிஸ்க்குக்கு அது சின்ன ஒத்தாசை, ரேம் அல்ல.

இந்த ஆசை ரொம்பப் பழசு அம்மா. 1995இல் அமெரிக்காவில் ‘சாஃப்ட்ரேம் 95’ என்று ஒரு சாஃப்ட்வேர். ரேமை இரட்டிப்பாக்கும் என்று சொல்லி லட்சக்கணக்கில் விற்றார்கள். நிபுணர்கள் பிரித்துப் பார்த்தால், உள்ளே அந்த வேலையைச் செய்ய ஒன்றுமே இல்லை. அந்நாட்டு வர்த்தக ஆணையம் கம்பெனியைப் பிடித்தது. இரட்டிப்பானது கல்லா மட்டும்.

தர்மபுரி வாசகர்: கடையில் ‘என்விஎம்இ வாங்குங்க, செகண்டுக்கு 3,500 எம்பி’ என்கிறார்கள். ஹெச்61 போர்டுக்குப் போடலாமா?

அதைச் செருக ஸ்லாட்டே கிடையாது. தனி கார்டு வாங்கி மாட்டினாலும், அந்தக் காலத்து பயாஸுக்கு என்விஎம்இயிலிருந்து விண்டோஸை எழுப்பத் தெரியாது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி, 2.5 இஞ்ச். அவ்வளவுதான்.

அதே தர்மபுரி வாசகர்: ஹெச்61இல் இருப்பது பழைய சாட்டா 2 போர்ட்டாமே? எஸ்எஸ்டி பாதி வேகத்தில்தான் ஓடுமாமே?

விவரமான ஆள்தான் நீங்கள். ஆமாம், 550 எம்பி ஓட வேண்டியது 270 பக்கம்தான் ஓடும். ஆனால் அது பெரிய சினிமா ஃபைலை ஒரே மூச்சில் காப்பி அடிக்கிற வேகம். விண்டோஸ் அன்றாடம் கேட்பது துண்டு துணுக்கு. அதில் சாட்டா 2இல் மாட்டிய எஸ்எஸ்டிகூட உங்கள் ஹார்டு டிஸ்க்கைப் பல மடங்கு முந்தும். பாதி வேகம் என்று பயந்து முழு ஆமையோடு குடித்தனம் நடத்தாதீர்கள்.

பழனி வாசகர்: எஸ்எஸ்டி எழுத எழுதத் தேய்ந்துபோகும் என்கிறார் என் மாமனார்.

மாமனார் சொன்னது நிஜம். கணக்கையும் சொல்லியிருக்கலாம். சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்குக் கம்பெனி தரும் உத்தரவாதம் 300 டிபி எழுத்து, அல்லது 5 வருஷம், எது முந்துகிறதோ அது. வீட்டு சிஸ்டத்தில் தினம் 20 ஜிபி எழுதினாலும் 300 டிபி தீர 41 வருஷம். அதற்குள் உங்கள் மாப்பிள்ளை உங்களைச் சந்தேகம் கேட்பார்.

பொள்ளாச்சி வாசகர்: 500 ஜிபி வாங்கினேன். 465தான் காட்டுகிறது. 35 ஜிபியைத் திருடியது யார்?

கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது. இரண்டு தரப்புமே யோக்கியர்கள்.

ராமநாதபுரம் வாசகர்: 2 டிபி எஸ்எஸ்டி 900 ரூபாய். ஒரு நாள் ஆஃபர்.

பிரித்தால் உள்ளே ஒரு மெமரி கார்டு பசை போட்டு ஒட்டியிருக்கும். 2 டிபி என்று பொய் சொல்லும்படி அதன் ஃபர்ம்வேரைத் திருத்தியிருப்பார்கள். நிஜக் கொள்ளளவு தீர்ந்தபிறகும் எழுதுகிற பாவனையில் இருக்கும். பழையதை அழித்தோ, புதியதைக் காற்றில் விட்டோ சமாளிக்கும். ‘ஹெச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற இலவசக் கருவியைக் கொண்டு முழுக்க எழுதிப் படித்தால் குட்டு உடையும். ஆஃபர் ஒரு நாளுக்குத்தான் என்பது மட்டும் உண்மை. மறுநாள் கடையே இருக்காது.

திண்டுக்கல் வாசகர்: பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்குக் க்ளோன் செய்யலாமா, புதிதாக விண்டோஸ் போடலாமா?

பத்து வருஷக் குப்பையை வேகமாகத் திறந்து பார்க்க ஆசையென்றால் க்ளோன். நான் புதிதாகத்தான் போடச் சொல்வேன்.

போடுவதற்கு முன்னால் பயாஸுக்குள் போய், சாட்டா மோட் ‘ஐடிஇ’ என்றிருந்தால் ‘ஏஹெச்சிஐ’ ஆக்குங்கள். போட்ட பிறகு மாற்றினால் நீலத்திரை தரிசனம். இன்ஸ்டால் முடிகிறவரை பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். விண்டோஸ் தன் பூட் ஃபைல்களைப் பழைய வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிற ரகம்.

கடலூர் வாசகர்: எஸ்எஸ்டியை மாட்ட கேபினட்டில் இடமே இல்லை. கேபிளில் தொங்குகிறது. ஆபத்தா?

உள்ளே அசைகிற உறுப்பே இல்லை, தொங்கட்டும். மனசு கேட்காவிட்டால் ஒரு இரட்டைப் பக்க டேப். கேபிள் பற்றாக்குறை என்றால் யாரும் தொடாத டிவிடி டிரைவிலிருந்து சாட்டா கேபிளையும் பவரையும் உருவிக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது டிவிடி போட்டீர்கள்?

பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் நாலு கால் பவரை சாட்டாவாக்குகிற கன்வர்ட்டர் வாங்குவதென்றால், பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த மலிவு ரகம் வேண்டாம். அது உருகித்தான் பிறந்தது, மறுபடியும் உருகும்.

புதுக்கோட்டை வாசகர்: எஸ்எஸ்டியை டிஃப்ராக் செய்யலாமா?

எதற்கு? முள் ஓடுகிற தூரத்தைக் குறைக்க வந்தது டிஃப்ராக். முள்ளே இல்லையே!

தஞ்சாவூர் வாசகி: கல்யாண போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் எஸ்எஸ்டியில் போட்டு பீரோவில் பூட்டிவிட்டேன். இனி நிம்மதிதானே?

இல்லை தாயே. எஸ்எஸ்டியில் தகவல் இருப்பது சிக்கவைத்த மின்சாரமாக. அது மெதுவாகக் கசியும். எழுதி எழுதித் தேய்ந்த எஸ்எஸ்டி, கரண்ட் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருஷம் தாங்கினால் போதும் என்பதே ஜெடெக் அமைப்பின் தர அளவு. புதுசு நிறையவே தாங்கும். ஆனாலும் தஞ்சாவூர் வெயில் 30இல் நிற்கிறதா?

பீரோவுக்கு ஹார்டு டிஸ்க்தான் லாயக்கு. அதிலும் இரண்டு பிரதி, இரண்டு வீட்டில். ஒன்று அம்மா வீட்டில் இருந்தால், சண்டைக்குப் பிறகும் போட்டோ பத்திரம்.

ஒரு கல்லூரி மாணவி, மதுரை: ரேமைக் கண்டுபிடித்தவர் யார்?

இன்று நாம் செருகுகிற டிராமுக்கு, ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்ட். காப்புரிமை கிடைத்தது 1968இல். ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கப்பாசிட்டர், அவ்வளவுதான் சங்கதி. கப்பாசிட்டர் கசியும் என்பதால் 64 மில்லிசெகண்டுக்குள் ஒருமுறை ஒவ்வொரு பிட்டுக்கும் நினைவூட்டியாக வேண்டும். கல்யாண நாளை வருஷத்துக்கு ஒருமுறை நினைவூட்டினாலே போதும் என்கிற கணவன்மார் எவ்வளவோ தேவலை.

அதே மாணவி: எஸ்எஸ்டிக்கு உள்ளே இருக்கிற ஃப்ளாஷ் மெமரியை?

தோஷிபாவில் வேலை பார்த்த ஃபூஜியோ மசுவோகா. 1984இல் உலகுக்கு அறிவித்தார். தனக்குரிய பங்கைத் தரவில்லை என்று பின்னாளில் கம்பெனி மீதே வழக்குப் போட்டார். 2006இல் 8 கோடியே 70 லட்சம் யென்னுக்கு ராஜியானது. உலகத்தின் மெமரியையே மாற்றியவரை கம்பெனிக்கு ஞாபகப்படுத்த வக்கீல் தேவைப்பட்டார்.

வேலூர் வாசகர்: உலகின் முதல் ஹார்டு டிஸ்க்?

1956, ஐபிஎம் ராமாக். 24 இஞ்ச் தட்டுகள் ஐம்பது, எடை ஒரு டன் பக்கம், கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. இன்று உங்கள் மைத்துனர் அனுப்புகிற ‘குட்மார்னிங்’ வீடியோ ஒன்றை அதில் ஏற்றுவது சந்தேகம். பொற்காலம்!

ஆம்பூர் வாசகர்: என் மூன்றாம் தலைமுறை இன்டெல் சிஸ்டத்தில் எஸ்எஸ்டியும் ரேமும் போட்டுவிட்டால் விண்டோஸ் 11 ஏறிவிடுமா?

ரேம் 4 ஜிபி போதும் என்கிறது மைக்ரோசாஃப்ட், பெருந்தன்மையாக. ஆனால் டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். உங்களுடையது மூன்றாம் தலைமுறை. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறவர்கள் உண்டு. நாளைக்கு அப்டேட் வருமா என்று அவர்களைக் கேட்டால் மேலே பார்ப்பார்கள். விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கள். ஓசி. வைரஸ் எழுதுகிறவர்களும் அந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை.

சென்னை வாசகர்: ரேம் விலை ஏன் இப்படி எகிறியது? ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

செயற்கை நுண்ணறிவுக்கு நினைவாற்றல் ஜாஸ்தி வேண்டுமாம். உற்பத்தியாகிற மெமரியை டேட்டா சென்டர்கள் மொத்தமாக அள்ளுகின்றன. ‘க்ரூஷியல்’ என்ற பெயரில் பொதுஜனத்துக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. நம் கேள்விகளுக்குப் பதில் சொல்ல, நம் ரேமையே பிடுங்குகிறது அந்த மேதாவி.

பழைய டிடிஆர்3 ரேமை செகண்ட் ஹேண்டில் தாராளமாக வாங்கலாம். மாட்டியதும் ராத்திரி முழுக்க ‘மெம்டெஸ்ட்86’ ஓடவிடுங்கள். காலையில் ஒரு சிவப்பு வரி இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். அதனால் பில் இல்லாத கடையில் வாங்காதீர்கள். செகண்ட் ஹேண்ட் எஸ்எஸ்டி, யோசியுங்கள். செகண்ட் ஹேண்ட் ஹார்டு டிஸ்க், யோசிக்கவே வேண்டாம்.

திருச்சி வாசகர்: என் பழைய ஹார்டு டிஸ்க்கை விற்றுவிடலாமா?

‘கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ நீலம் காட்டினால் டி டிரைவாக வைத்துக்கொள்ளுங்கள். விற்றே தீருவீர்கள் என்றால் ஃபுல் ஃபார்மேட். க்விக் ஃபார்மேட் அழிப்பது அட்டவணையை மட்டும்தான். சரக்கு அப்படியே கிடக்கும். உங்கள் பான் கார்டு, பாஸ்புக், 2014இல் எழுதி அனுப்பாத கடிதம் எல்லாம் சேர்த்தா விலை பேசினீர்கள்?

ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர், கோவை: ஐயா, எல்லாவற்றையும் இப்படிப் போட்டு உடைத்தால் எங்கள் பிழைப்பு என்னாவது?

கவலையே வேண்டாம். இதைப் படித்துவிட்டு இந்த ஞாயிற்றுக்கிழமை தமிழ்நாடு பூராவும் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்காரப் போகிறார்கள். திங்கட்கிழமை காலையில் கடையைக் கொஞ்சம் சீக்கிரம் திறந்து வையுங்கள்.