மட் மோட்டார்த் தண்டில் கிரீஸ் ஒழுகுதல்: அகமும் புறமும்

உலகில் ஒழுகுவன பல. கூரை ஒழுகும், மூக்கு ஒழுகும், தேர்வுக்கு முந்தைய இரவில் வினாத்தாளும் ஒழுகும். இவற்றைப் பற்றிப் பேசினார் பலர். ஆனால் மட் மோட்டாரின் வால்நுனியில், புரொப்பெல்லருக்குச் சற்று முன்னால், யாரும் அழைக்காமலே எட்டிப் பார்க்கும் அந்தக் கிரீஸ் வளையத்தைத் தமிழில் முறைப்படி ஆராய்ந்தாரைக் காணோம். ஆய்வேடு எழுதுபவர் முதல் பக்கத்திலேயே ஓர் இடைவெளியைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்பது பல்கலைக்கழக மரபு. எமது இடைவெளி தண்டுக்கும் சீலுக்கும் நடுவே இருக்கிறது.

ஆய்வின் எல்லை லூசியானா. அமெரிக்காவின் தென்கோடியில், அட்சாஃபலாயா போன்ற பெருஞ்சதுப்புகளில், தண்ணீர் ஒரு சாண் இருக்கும். அதன் கீழே சேறு எவ்வளவு என்று அளக்கப் போனவருக்குச் செருப்பு மிச்சமில்லை. மேலே ஆகாயத்தாமரை, நடுவே சைப்ரஸ் மரத்தின் அடிக்கட்டைகள். சாதாரண அவுட்போர்டு மோட்டார் தன்னைக் குளிர்விக்க வெளித்தண்ணீரை உறிஞ்சுவது. இங்கே அது உறிஞ்சுவது சேற்றை. ஆகவே வாத்து வேட்டைக்காரர்கள் காற்றிலேயே குளிரும் இன்ஜினைப் படகின் பின்பலகையில் ஏற்றி, அதிலிருந்து நீண்ட குழாய் ஒன்றைப் பின்னால் நீட்டி, அதன் நுனியில் புரொப்பெல்லரை வைத்தார்கள். இதுவே மட் மோட்டார், பின்னால் நீளும் குழாயே அதன் வால். தாய்லாந்தின் நீள்வால் படகுகள் இதற்கு மூத்தவை. லூசியானாவில் பேட்டன் ரூஜைச் சேர்ந்த வாரன் கோகோ 1977இல் 'கோ-டெவில்' என்ற பெயரில் இதை விற்கத் தொடங்கினார். சோழமண்டலக் கரையில் நீண்ட தண்டு இன்ஜின் பொருத்திய ஃபைபர் படகைப் பார்த்தவர்களுக்கு உருவத்தை மேலும் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் குழாய்க்குள்தான் நமது ஆய்வுப்பொருள் வசிக்கிறது. நடுவே சுழலும் ஷாஃப்ட், அதைத் தாங்கும் பேரிங்கும் புஷ்ஷும், சுற்றிலும் கிரீஸ், நுனியில் காவலுக்கு ஓர் ஆயில் சீல். காவலர் உருவில் சிறியவர். உள்ளங்கையில் இரண்டு மூன்றை அடக்கலாம். வம்சம் பெரிது. 1849இல் ஜெர்மனியின் வைன்ஹைமில் தோல் பதனிடும் ஆலையாகப் பிறந்த ஃபிராய்டன்பெர்க் நிறுவனம், கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் தோலால் சீல் செய்து, பிறகு செயற்கை ரப்பருக்கு மாறியது. இன்றைய சீலில் ஓர் உலோக வளையம், அதன் உள்விளிம்பில் ரப்பர் உதடு, அந்த உதட்டைத் தண்டோடு இறுக்கிப் பிடிக்க முதுகுப்புறம் ஒரு மெல்லிய ஸ்பிரிங் வளையம், அவ்வளவே.

இவ்வுதடு சுழலும் தண்டை உண்மையில் தொடுவதில்லை. நுண்ணிய மசகுப் படலம் ஒன்று இருவரையும் பிரித்து வைக்கிறது. படலம் வற்றினால் ரப்பர் கருகும். ஆதலால் ஒரு துளி ஈரமும் இல்லாத சீலே நல்ல சீல் என்பார் கருத்து பிழை. தண்டில் மெல்லிய பளபளப்பு ஒரு வளையமாகத் தெரிந்தால் அது சீலின் கடமை, சொட்டினால்தான் நோய்.

இனிக் கசிவின் வகை. தமிழர்க்கு எதையும் அகம், புறம் என்று பிரிக்காமல் உறக்கம் வராது. இங்கே அப்பிரிவு ஆச்சரியமாகப் பொருந்துகிறது. உள்ளிருக்கும் கிரீஸ் வெளியேறுவது புறக்கசிவு. இது ஊரறிய நடப்பது. படகின் பின்புறமெல்லாம் அப்பிக்கொண்டு தன் புகழைத் தானே பாடும். வெளியிருக்கும் தண்ணீர் உள்ளே புகுவது அகக்கசிவு. அகத்திணையில் தலைவன் பெயரைச் சொல்லும் வழக்கம் இல்லை. இங்கும் அப்படியே: குற்றவாளி பெயர் வெளியே தெரியாது, படகு சுத்தமாக இருக்கும், உள்ளே பேரிங் துருவேறிக்கொண்டிருக்கும். இரண்டையும் அறிய ஒரே சோதனைதான். நுனியில் வரும் கிரீஸை விரலில் தொட்டுப் பார்க்க வேண்டும். போட்ட நிறத்திலேயே வந்தால் புறம். பால் கலந்ததுபோல் வெளுத்து வந்தால் அகம்.

தண்ணீர் எவ்வாறு நுழைகிறது? ஓடி முடித்த வால் சூடாக இருக்கும். அதை அப்படியே குளிர்ந்த நீரில் கிடக்க விட்டால் உள்ளிருக்கும் காற்றும் கிரீஸும் சுருங்கி, குழாய்க்குள் ஓர் உறிஞ்சல் உண்டாகும். உதட்டைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகும். அதனால்தான் அனுபவசாலிகள் வேட்டை முடிந்து கரையேறியதும், வால் சூடாக இருக்கையிலேயே கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். மறுவாரம் வந்து அடிப்பவர், உள்ளே போன தண்ணீரைக் கிரீஸ் போட்டு மூடிப் பாதுகாக்கிறார்.

இங்கே எமது கருதுகோளை முன்வைக்கிறோம்: புறக்கசிவுகளில் பெரும்பாலானவை சீலின் குற்றமன்று, உரிமையாளரின் அன்பு.

சான்று வருமாறு. கையால் இயக்கும் கிரீஸ் கன், பார்வைக்குச் சாது. ஆனால் அதன் நெம்புகோலை முழுமூச்சாக அழுத்தினால் சதுர அங்குலத்துக்கு 10,000 பவுண்டு வரை அழுத்தம் தரவல்லது. சாதாரண ஆயில் சீல் தாங்கக்கூடியதோ ஏறத்தாழ 7 பவுண்டு. கார் டயரில் 30க்கு மேல் அடிக்கிறோம். சீலுக்கு அதில் கால் பங்குகூட ஆகாது. கிரீஸ் கன்னுக்கும் சீலுக்கும் நடுவே இருப்பது நிப்பிள். ஆஸ்திரியாவில் பிறந்த ஆஸ்கார் ஜெர்க் என்பவர் 1929இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற வடிவம் அது. அதனுள்ளே ஒரு சிறு குண்டு இருக்கிறது: கிரீஸ் உள்ளே போக வழிவிடும், திரும்பி வர விடாது. நிரம்பிய குழாய்க்குள் மேலும் அடிக்கப்படும் கிரீஸ் போகும் இடம் எது? நிப்பிள் மூடிக்கொண்டது. குழாய் இரும்பு. மிச்சம் இருப்பது உதடு ஒன்றுதான். அது ஒருமுறை மடங்கிப் பின்னால் திரும்பிவிட்டால், ஸ்பிரிங்கும் கழன்றுவிட்டால், பிறகு ஒழுக்கமும் திரும்பாது, உதடும் திரும்பாது.

பேரன் "போதும் பாட்டி" என்று சொன்ன பிறகும் இன்னும் ஒரு கவளம் ஊட்டும் பாட்டியின் மனநிலைதான் இங்கே வேலை செய்கிறது. கிரீஸ் ஒழுகுகிறது, ஆகவே உள்ளே குறைந்திருக்கும், ஆகவே இன்னும் பத்து அடி அடிப்போம், ஆகவே இன்னும் ஒழுகுகிறது. தர்க்கத்தில் இதற்கு வட்டவாதம் என்று பெயர். மட் மோட்டாரில் வட்டம் சுழலவும் செய்யும். எத்தனை முறை நெம்புகோலை அழுத்தலாம் என்பது மோட்டாருக்கு மோட்டார் மாறும். நுனியில் புதுக் கிரீஸ் தெரியும்வரை அடிக்கும்படி அமைந்த தண்டுகளும் உண்டு. எண்ணி இரண்டு மூன்றோடு நிறுத்த வேண்டியவையும் உண்டு. தயாரித்தவர் கையேட்டில் எழுதியிருப்பார். எண்ணிக்கை எதுவானாலும் மெதுவாக அடிக்க வேண்டும். கை எதிர்ப்பை உணர்ந்த நொடியில் நிறுத்த வேண்டும்.

கிரீஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1933இல் அமெரிக்காவில் கிரீஸுக்கென்றே ஒரு தேசியக் கழகம் தோன்றியது. கிரீஸின் கெட்டித்தன்மையை 000 முதல் 6 வரை அது வகுத்திருக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில், 60 முறை பிசைந்த கிரீஸின்மேல் ஓர் உலோகக் கூம்பை விட்டு, 5 வினாடியில் அது எவ்வளவு புதைகிறது என்று மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கில் அளக்கிறார்கள். 265 முதல் 295 வரை புதைந்தால் அது 2ஆம் எண். போலி ஆய்வு எழுத உட்கார்ந்த எமக்கு இதைவிட நல்ல ஒன்றைக் கற்பனை செய்ய முடியவில்லை. இதுவோ முழுக்க உண்மை, பயனுள்ளதும்கூட. மட் மோட்டாருக்குப் பெரும்பாலோர் போடுவது இந்த 2ஆம் எண்ணில் தண்ணீரைத் தாங்கும் மரைன் கிரீஸ். டிரெய்லரில் ஏற்றி வெயிலில் நிறுத்தினால் எதுவானாலும் விரிந்து சிறிது பிதுங்கும், அது நோயாகாது. நீலம், பச்சை, சிவப்பு எல்லாம் சாயம். நிறத்தை வைத்துத் தரம் சொல்ல முடியாது. சேர்மானம் வேறான இரு கிரீஸ்களைக் கலந்தால் சில ஜோடிகள் இளகி ஓடிவிடும், அவ்வளவு அறிந்தால் போதும்.

இனி உரையாசிரியர்கள் முட்டிக்கொள்ளும் இடம்: சீலின் உதடு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? உள்நோக்கி என்பார் ஒரு சாரார். கிரீஸைக் காக்கவே சீல் என்பது அவர் வாதம். வெளிநோக்கி என்பார் மற்றொரு சாரார். பகைவன் வெளியே இருக்கையில் காவலன் வீட்டுக்குள் பார்த்து நிற்பதா என்பது அவர் கேள்வி. இரண்டு சீல் போட்டு ஆளுக்கொரு பக்கம் பார்க்க வைப்பார் மூன்றாமவர். எமது துணிபு இரண்டாமவர் பக்கம், கடைசிச் சீலைப் பொறுத்தவரை. வெளியேறிய கிரீஸைக் கடையில் வாங்கிவிடலாம். உள்ளே வந்த மணலைத் திருப்பி அனுப்ப முடியாது. வெளிநோக்கிய உதடு மிகுதிக் கிரீஸுக்கு மெல்ல வழிவிட்டு, போகிற போக்கில் சேற்றையும் தள்ளிவிடும். ஆயினும் தயாரித்தவர் ஒரு முறையில் வைத்திருந்தால் அதையே பின்பற்றுவது நன்று. கழற்றுமுன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் மூன்று சாராருடைய சண்டையும் ஓய்ந்துவிடும்.

அன்பு காரணமல்லாத கசிவுகளும் உண்டு. புரொப்பெல்லரைக் கழற்றியதும் முதலில் தேட வேண்டியது தூண்டில் நரம்பு. யாரோ அறுத்துவிட்டுப் போன நரம்பு தண்டில் சுற்றி, சூடேறி, சீலுக்குள் கத்திபோல் இறங்கியிருக்கும். அடுத்து, தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆடினால் பேரிங்கோ புஷ்ஷோ தேய்ந்துவிட்டது. அடிக்கட்டையில் மோதி வளைந்த தண்டும் உண்டு. மோதுவதற்கென்றே பிறந்த மோட்டாருக்கு இது தொழில்நோய். ஆடும் தண்டுக்குப் புதுச் சீல் போடுவது வெறும் கடைக்காரர் நலன். மூன்றாவது, பழைய உதடு உரசிய இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் மாட்டினால் பள்ளம் விழுந்திருக்கிறது. இடமிருந்தால் புதுச் சீலைப் பழைய பள்ளத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்கலாம். இல்லையேல் தண்டின்மேல் மாட்டும் மெல்லிய எவர்சில்வர் உறை கிடைக்கிறது. அதன் கனம் கால் மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், ஆகவே பழைய அளவுச் சீலே பொருந்தும். உப்புத்தாளை வைத்துத் தண்டைத் தேய்ப்பவர் எச்சரிக்கையாக இருக்கட்டும்: கீறல்கள் சாய்ந்து திருகுபோல் ஓடினால், தண்டு சுழலச் சுழல அந்தத் திருகே கிரீஸை வெளியே இறைக்கும்.

செயல்முறையில் நுணுக்கம் சில. பழைய சீலைக் கத்தியால் நெம்பினால் தண்டில் கோடு விழும்; அதன் உலோக முகத்தில் சிறு ஸ்க்ரூ ஒன்றை முறுக்கி, குறடால் பிடித்து இழுத்தால் முழுதாக வரும். புதியதை மாட்டுமுன் உதட்டில் கிரீஸ் தடவ வேண்டும், தண்டின் மரையிலும் சாவிக்காடியிலும் டேப் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்த அன்றே உதடு கிழியும். சீலின் வெளிவிட்டத்துக்கு ஒத்த குழாய்த் துண்டை வைத்து, நாலாபுறமும் சமமாகத் தட்டி இறக்க வேண்டும். சுத்தியலால் ஒரு பக்கம் மட்டும் தட்டினால் உள்ளே ஸ்பிரிங் கழன்றுபோகும், வெளியே தெரியாது. பேரிங் கடைக்காரர் கேட்பது சீலின் முகத்தில் பொறித்த மூன்று எண்களை: உள்விட்டம், வெளிவிட்டம், கனம். மோட்டார் எந்தக் கம்பெனி, வேட்டைக்கா மீனுக்கா என்ற வரலாற்றில் அவருக்கு ஆர்வமில்லை.

பின்வரும் ஆய்வாளருக்கு ஒரு வினாவை விட்டுவைக்கிறோம். ஒழுகிய கிரீஸ் எங்கே போகிறது? சதுப்புக்குத்தான். அமெரிக்கச் சட்டப்படி நீரின்மேல் எண்ணெய்ப் படலம் மினுங்கினாலே குற்றம். 2013ஆம் ஆண்டு அனுமதி விதிகள், 79 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள வணிகக் கலங்கள் நீரைத் தொடும் சீல்களில் சூழலுக்கு ஏற்ற மசகையே பயன்படுத்தச் சொல்லின. மட் மோட்டார்ப் படகு பெரும்பாலும் 20 அடியைத் தாண்டாது. மீதி ஏறத்தாழ அறுபது அடியைப் பற்றி எழுத விரும்புவோர் முதலில் வழிகாட்டி ஒருவரைத் தேடிக்கொள்க.