வாடகை வீட்டில் பிறந்த பல்கலைக்கழகம்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 2009-இல் தன் 800-வது ஆண்டைக் கொண்டாடியது. விழா என்றால் நிறுவனர் படத்துக்கு மாலை போட்டாக வேண்டும். இங்கே யார் படத்துக்குப் போடுவது? ராஜா நிறுவவில்லை, வள்ளல் நிறுவவில்லை, ஞானி எவரும் மரத்தடியில் உட்கார்ந்து தொடங்கி வைக்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு வாடகை வீட்டில் நடந்த வம்புதான் அதன் மூலம். கல்வி வரலாறு எழுதுகிறவர்கள் இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, 'அறிவுத் தாகம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நமக்கு என்ன கூச்சம்?

அந்தக் காலத்துப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டடம் கிடையாது, விடுதி கிடையாது, மதில்சுவர் கிடையாது. வாத்தியாரும் பையன்களும் சேர்ந்தால் அதுதான் பல்கலைக்கழகம். பாடம் வாடகை அறையில், தூக்கமும் வாடகை அறையில். பதினாலு பதினைந்து வயதுப் பையன்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரு வீட்டைப் பிடிப்பார்கள். உச்சந்தலையை வட்டமாக மழித்திருப்பார்கள். சட்டப்படி அவர்கள் எல்லாரும் பாதிரி வகையறா. என்ன தப்புச் செய்தாலும் ஊர் நீதிமன்றம் தொட முடியாது, திருச்சபைதான் விசாரிக்க வேண்டும். பேச்சிலர், கையில் காசு இல்லை, ராத்திரி கூச்சல், கேட்டால் 'போப்பிடம் போய்ச் சொல்லு' என்கிற பதில். எந்த வீட்டுக்காரர் பொறுப்பார்? வாடகையை ஏற்றித்தான் ஆற்றாமையைத் தீர்த்துக்கொண்டார்கள்.

1209-இல் அப்படி ஒரு வீட்டில் இருந்த மாணவன் ஒருவன் ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டு ஓடிப்போனான். தெரியாமல் நடந்தது என்பார்கள். அந்தப் பெண்ணின் பெயரை எழுதி வைக்க எந்தப் பாதிரிக்கும் தோன்றவில்லை. ஊர்க்காரர்கள் திரண்டு அந்த வீட்டுக்குப் போனார்கள். கொன்றவன் இல்லை. கூடக் குடியிருந்த மூன்று பேர் இருந்தார்கள். ரோஜர் ஆஃப் வெண்டோவர் என்கிற துறவி எழுதியிருப்பதைப் பார்த்தால் அவர்களுக்கு நடந்தது எதுவும் தெரியாது. அவர்கள் செய்த ஒரே குற்றம், வாடகையைப் பங்கு போட்டுக் குடியிருந்தது. பிடித்து அடைத்தார்கள்.

சட்டப்படி தொட முடியாத பாதிரியைத் தூக்கில் போடுவதென்றால் ராஜா துணை வேண்டும். ராஜா யார்? ஜான். அவருக்கும் போப்புக்கும் அப்போது ஏழாம் பொருத்தம். போப்பின் தடையால் நாடு முழுக்கத் தேவாலயங்களில் பூசை நின்றிருந்தது. 'பாதிரிகளைத் தூக்கில் போடலாமா?' என்று கேட்டால் ஜான் எப்படிப்பட்ட முகத்தோடு தலையாட்டியிருப்பார் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வெளியே கொண்டுபோய்த் தொங்கவிட்டார்கள். ரூம்மேட் பால் கணக்குக்குக் காசு தரவில்லை என்று புலம்புகிற இந்தக் காலத்துப் பிள்ளைகள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கலாம்.

மற்ற மாணவர்களிலும் வாத்தியார்களிலும் பெரும்பாலோர் மூட்டை கட்டினார்கள். மூவாயிரம் பேர் கிளம்பினார்கள் என்கிறார் வெண்டோவர். கட்சி மாநாட்டுக்குக் கூட்டம் எண்ணுகிற கணக்கு அது. ரெடிங் பக்கம் சிலர், கேம்பிரிட்ஜ் பக்கம் சிலர். கேம்பிரிட்ஜ் போனவர்களில் கொஞ்சம் பேர் அங்கேயே தங்கிவிட்டதில்தான் இன்றைய பெருமை எல்லாம் தொடங்குகிறது.

ஆக்ஸ்ஃபோர்டில் என்ன ஆயிற்று? பல்கலைக்கழகமே நடந்து போய்விட்டதால் வீடெல்லாம் காலி. மாணவன் தொல்லை ஒழிந்தது என்று முதலில் மகிழ்ந்திருப்பார்கள். வாடகை வரவில்லை, ரொட்டி விற்கவில்லை, பீர் புளித்தது என்றதும் மகிழ்ச்சியும் புளித்தது. அதற்குள் ஜான் போப்பிடம் சரணடைந்து விட்டார். ஊரும் சரணடைய வேண்டியதாயிற்று.

1214-இல் போப்பின் தூதர் நிக்கோலஸ் வந்து தீர்ப்புச் சொன்னார். வாடகைக்குக் குடியிருக்கிற ஒவ்வொருவரும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைக்க வேண்டிய தீர்ப்பு. பத்து வருஷத்துக்கு மாணவர்களிடம் பாதி வாடகைதான் வாங்க வேண்டும். சாப்பாட்டுச் சாமான்களை நியாய விலைக்கு விற்க வேண்டும். ஏழை மாணவர்களுக்காக ஊர் ஆண்டுதோறும் 52 ஷில்லிங் கட்ட வேண்டும். புனித நிக்கோலஸ் திருநாளில் நூறு ஏழை மாணவர்களுக்கு ரொட்டி, பீர், கஞ்சி, அதோடு மீனோ கறியோ ஒரு வகை போட்டு விருந்து வைக்க வேண்டும். விருந்து நாளைத் தூதர் தன் பெயர்கொண்ட புனிதருக்கே ஒதுக்கியது தற்செயலாக இருக்கலாம். தூக்கில் போட்டவர்கள் செருப்பில்லாமல், மேலாடை இல்லாமல், கல்லறைக்கு நடந்து போக வேண்டும். ஊரைவிட்டுப் போகாமல் பாடம் நடத்திக்கொண்டிருந்த வாத்தியார்களுக்கு மூன்று வருஷம் வகுப்பெடுக்கத் தடை. கருங்காலிக்குத் தண்டனை என்பது தொழிற்சங்கம் கண்டுபிடித்ததல்ல.

இந்தச் சமாசாரம் கேம்பிரிட்ஜ் வீட்டுக்காரர்கள் காதில் விழாமலா இருந்திருக்கும்? விழுந்தும் திருந்தவில்லை. அந்தக் கதைக்குப் பாரீஸ் வழியாகத்தான் வர வேண்டும். 1229-இல் பாரீசில் திருவிழா நாளில் மாணவர் கூட்டமொன்று மதுக்கடைப் பில்லில் தகராறு செய்து, அடி வாங்கி, மறுநாள் தடியோடு திரும்பி வந்து கடையை உடைத்தது. அரசியின் வீரர்கள் அகப்பட்டவர்களை வெட்டிப் போட்டார்கள். அகப்பட்டவர்கள் வழக்கம்போல் வேறு ஆட்கள். பாரீஸ் பல்கலைக்கழகம் இரண்டு வருஷம் கடையை மூடியது. இங்கிலாந்து ராஜா மூன்றாம் ஹென்றி 'இங்கே வாருங்கள்' என்று அழைத்தார். வந்தார்கள். கூட்டம் வருகிறது என்றால் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்குமா?

1231-இல் ஹென்றியே கேம்பிரிட்ஜ் மேயருக்கு எழுதினார்: வாடகையைக் கண்டபடி ஏற்றினால் மாணவர்கள் ஊரைவிட்டே போய்விடுவார்கள், இரண்டு வாத்தியார், இரண்டு ஊர்ப் பெரியவர் உட்கார்ந்து வாடகையை நிர்ணயிக்கட்டும். அதே வருஷம் போப் ஒன்பதாம் கிரெகரி பாரீசுக்கு ஒரு சாசனம் தந்தார். நிர்ணயித்த வாடகையை மறுத்தால் பாடத்தையே நிறுத்தும் உரிமை அதில் இருந்தது. வாடகைக்காக வேலைநிறுத்தம், அதுவும் போப் முத்திரையோடு! பொலோனியாவில் பையன்கள் இன்னும் கெட்டி: அதிக வாடகை கேட்கிற வீட்டைத் தள்ளி வைத்துவிடுவார்கள், மாணவன் எவனும் அங்கே குடிபோகக் கூடாது.

அட்வான்ஸ் விஷயத்தில் எனக்குப் பிடித்தது கேம்பிரிட்ஜ் வழக்கம்தான். வீடு வேண்டும் என்கிறவன் பல்கலைக்கழக ஊழியர் ஒருவரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வீட்டுக்காரர் முன்னால் நிற்பான். 'இந்த வீட்டுக்கு நான் பொறுப்பு' என்று சொல்லி, ஆள் ஜாமீனோ அடகுக்குப் புத்தகமோ நீட்டுவான். தோலில் கையால் எழுதிய புத்தகம்; விலை கொஞ்சநஞ்சமல்ல. வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் பையன் நேரே பல்கலைக்கழக வேந்தரிடம் போவான். வேந்தர் ஜாமீனை வாங்கி வைத்துக்கொண்டு, 'வீட்டுக்காரருக்கு இஷ்டமோ இல்லையோ, இன்று முதல் நீதான் அந்த வீட்டுக்குத் தலைவன்' என்று அனுப்பி விடுவார். சொந்த வீட்டுத் திண்ணையில் வீட்டுக்காரர் நின்று பார்த்துக்கொண்டிருக்க, பெட்டி உள்ளே போகும்.

பையன்கள் யோக்கியர்களா என்றால், அதெல்லாம் இல்லை. எந்தத் தலைவனுக்கும் கட்டுப்படாமல் தனி அறை பிடித்து, பகலில் தூங்கி ராத்திரியில் மதுக்கடையே கதி என்று கிடந்த கோஷ்டி ஒன்று ஆக்ஸ்ஃபோர்டில் பெருத்தது. பெயருக்குத்தான் மாணவர்கள், எந்த வாத்தியாரிடமும் படித்ததில்லை. 1420 வாக்கில் பல்கலைக்கழகத்துக்கே பொறுக்கவில்லை. எல்லாரும் அங்கீகாரம் பெற்ற விடுதியிலோ கல்லூரியிலோதான் தங்க வேண்டும், ஊரில் தனி அறை கூடாது என்று கதவைச் சாத்தியது. வீட்டுக்காரர்கள் இரண்டு நூற்றாண்டாகச் சொன்னதைத்தான் கடைசியில் வேந்தரும் சொன்னார்.

கல்லூரியில் சேராமலே ஊரில் வாடகை அறை எடுத்துப் படிக்கலாம் என்று ஆக்ஸ்ஃபோர்டு மறுபடி இறங்கி வந்தது 1868-இல். அதற்கும் நிபந்தனை உண்டு: பல்கலைக்கழகம் உரிமம் தந்த வீடாக இருக்க வேண்டும், ராத்திரி யார் எத்தனை மணிக்கு வந்தார் என்பதை வீட்டுக்கார அம்மா குறித்து அனுப்ப வேண்டும். ராஜா, போப், தூதர், வேந்தர் எல்லாரும் 650 ஆண்டுகள் முட்டி மோதிய பிறகு, அந்தப் பையன்களுக்குச் சரியான ஆளாக அமைந்தது அந்த அம்மாதான்.